அண்ணியின் வலது கை

என் அண்ணிக்குக் கையில் பலம் அதிகம். கோவில்பதாகையில் எங்கள் தெருவில் யார் வீட்டு ஊறுகாய் பாட்டில் திறக்காவிட்டாலும் அது அண்ணியிடம்தான் வரும். முந்தானையை மூடியில் சுற்றி ஒரு திருகு திருகிக் கொடுத்துவிட்டு உள்ளே போய்விடுவாள். காஸ் சிலிண்டரைக் கேட்டிலிருந்து சமையலறை வரைக்கும் அவளே தூக்குவாள். அண்ணன் குறுக்கே வந்தால், "ஓரமா போய்யா, கால்ல போட்டுக்கப் போற" என்பாள். அண்ணன் அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் ஓட்டுகிறவன். நாள் முழுக்க இரும்போடு மல்லுக்கட்டிவிட்டு வருகிறவனை அவள் அப்படி விரட்டினால் அவனுக்குச் சிரிப்பு தாங்காது.

அவர்களுக்குக் குழந்தை இல்லை. அம்மா போன பிறகு வீட்டில் நாங்கள் மூன்று பேர்தான். நான் எலெக்ட்ரானிக்ஸ் டிப்ளமா முடித்து, திருமழிசை எஸ்டேட்டில் ஒரு சின்ன கம்பெனியில் சேர்ந்தேன். கம்பெனி என்று சொன்னாலும் அது ஒரு தகர ஷெட்தான். நான்கு மேசை, ஒரு அடுப்பு மாதிரியான மிஷின், இரண்டு கம்ப்யூட்டர். தசையின் பலத்தை அளக்கிற பட்டைகளை அங்கே செய்கிறோம். லெக்கின்ஸ் துணி மாதிரி இழுபடும் துணியில் வெள்ளி பூசிய நூலை வளைத்து வளைத்துத் தைத்து, மேலே மெல்லிய சிலிகான் பூச வேண்டும். அதை முழங்கைக்குக் கீழே மாட்டிக்கொண்டு கையை முறுக்கினால் தசை புடைக்கும், நூலும் கூடவே இழுபடும். எவ்வளவு இழுபட்டது என்பது கம்ப்யூட்டரில் ஒரு கோடாக ஏறும். கை களைத்துப் போனால் கோடு நடுங்கி இறங்கும். பக்கவாதம் வந்தவர்களுக்கும் எலும்பு முறிந்து தேறுகிறவர்களுக்கும் பயிற்சி கொடுக்கிற இடங்களில் அதை வாங்குவார்கள்.

நடத்துகிறவர் ஒரு இன்ஜினியர் மேடம். மதுரைப் பக்கத்திலிருந்து வந்து அம்பத்தூரில் ஃப்ளாட்டில் இருந்தார். என்னைவிட ஒன்றிரண்டு வயதுதான் கூட இருக்கும். வெள்ளி நூல் சாதாரணத் தையல்காரர்கள் கையில் அறுந்துகொண்டே இருந்ததால், பொறுமையாகத் தைக்க யாராவது கிடைப்பார்களா என்று கேட்டார். அண்ணி அப்போது எக்ஸ்போர்ட் கம்பெனி ஒன்றில் தைத்துக்கொண்டிருந்தாள். நான் கூட்டிக்கொண்டு போனேன்.

முதல் நாள் பட்டையைக் கையில் வாங்கிப் புரட்டிப் பார்த்து, "இன்னா பாப்பா இது, பாவாடை நாடா மாரி கீது?" என்றாள். என்னை அவள் பாப்பா என்றுதான் கூப்பிடுவாள். மத்தியானத்துக்குள் நூல் அறுகாமல் தைக்கக் கற்றுக்கொண்டுவிட்டாள்.

தைத்து முடித்த பட்டைகளைச் சோதிக்க ஒரு கை வேண்டும். ஆளுக்கு ஆள் கை மாறினால் கோடும் மாறும். அதனால் எப்போதும் ஒரே கையில் போட்டுப் பார்ப்பதுதான் வழக்கம். மேடம் ஒவ்வொருவராகப் போட்டுப் பார்த்துவிட்டு அண்ணியின் வலது கையைத் தேர்ந்தெடுத்தார். ரப்பர் பந்தை அவள் அமுக்கினால் கோடு நேராக மேலே போய், அங்கேயே அசையாமல் நிற்கும்.

"அக்கா, நீங்கதான் நமக்கு அளவு. உங்க கையில சரியா வந்தாத்தான் பட்டை வெளிய போகும்" என்றார் மேடம்.

அன்றைக்கு வீட்டில் அண்ணி அதைப் பத்து முறையாவது சொல்லியிருப்பாள். அண்ணன் அவள் கையைப் பிடித்துப் பார்த்து, "இந்தக் கையால அடி வாங்கினு நானும் இத்தினி வருசமா உசுரோட கீறேனே, எனக்கு இன்னா தருவாங்க?" என்றான்.

இரண்டு வருஷம் அப்படியே போயிற்று. காலையில் ஆவடியில் பஸ் பிடித்து, பூந்தமல்லியில் இறங்கி, இன்னொரு பஸ்ஸில் திருமழிசை. உட்கார இடம் கிடைத்தால் அண்ணி என் தோளில் சாய்ந்து தூங்குவாள். சென்னீர்குப்பம் வளைவில் பஸ் குலுங்கும்போது விழித்துக்கொண்டு, "வந்துச்சா?" என்று கேட்பாள். "இன்னும் கீது, தூங்கு" என்பேன்.

அந்த வருஷம் மழைக்காலம் தொடங்கியபோதுதான் பட்டைகள் சரியில்லாமல் போக ஆரம்பித்தன. அப்படித்தான் நாங்கள் நினைத்தோம். கோடு வழக்கமான உயரத்துக்கு ஏறவில்லை. ஏறினாலும் நிற்காமல் இறங்கியது. மேடம் ஈரக் காற்றில் நூல் கறுக்கிறதோ என்று பார்த்தார். நூல் வாங்குகிற இடத்தை மாற்றினார். சிலிகானை வேறு பதத்தில் காய்ச்சினார். ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் கோடு கொஞ்சம் குறைவாகத்தான் வந்தது. ஒதுக்கி வைத்த பட்டைகள் அட்டைப் பெட்டியில் நிரம்பின.

யாரும் அண்ணியைக் குறை சொல்லவில்லை. ஆனால் அவளே தன்னைக் குறை சொல்லிக்கொண்டாள். தைத்ததைப் பிரித்து மறுபடி தைத்தாள். சாப்பாட்டு நேரத்திலும் குனிந்தபடியே இருந்தாள்.

"நாந்தான் எங்கியோ தப்பு பண்றேன் பாப்பா. நூலு கோக்கவே வர மாட்டேங்குது. கண்ணு மங்கிப் போச்சா இன்னான்னு தெர்ல."

பூந்தமல்லியில் கண்ணாடிக் கடைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். கண்ணில் ஒரு குறையும் இல்லை என்றார்கள். பழைய ரப்பர் பந்து ஒன்றை வீட்டுக்குக் கொண்டுவந்து, டிவி பார்க்கும்போதெல்லாம் அமுக்கிக்கொண்டிருந்தாள். பழக்கம் விட்டுப்போனால் கையில் பலம் குறையும் என்று மேடம் எதற்கோ சொன்னாராம். சில நாள் சாப்பிடும்போது சோறு விரல் இடுக்கில் சிந்தும். அப்போதும் எங்களுக்கு உறைக்கவில்லை.

ஒரு மத்தியானம், புதிதாக வந்த நூலில் தைத்த பட்டையும் சரியாக வராமல் போனபோது, மேடம் வெறுத்துப்போய் அதைப் பிடுங்கித் தன் கையில் மாட்டிக்கொண்டு பந்தை அமுக்கினார். கோடு விறுவிறுவென்று ஏறி நின்றது. மேடம் கோட்டைப் பார்த்தார். பிறகு என் கையில் மாட்டச் சொன்னார். என் கையிலும் ஏறியது. பெட்டியில் ஒதுக்கி வைத்திருந்ததில் கைக்கு வந்த பட்டைகளை எடுத்து ஒவ்வொன்றாக மாட்டிப் பார்த்தோம். எல்லாமே வேலை செய்தன.

மேலே தகரத்தில் மழை விழுந்துகொண்டிருந்தது.

"அக்கா, இடது கையில ஒரு தடவை போட்டுப் பாக்கலாமா?" என்று மேடம் மெதுவாகக் கேட்டார்.

அண்ணி இடது கையில் மாட்டிக்கொண்டு அமுக்கினாள். கோடு நன்றாகவே ஏறியது. மறுபடி வலது கைக்கு மாற்றினோம். முழு மூச்சோடு அமுக்கினாள், கழுத்து நரம்பு புடைத்தது. கோடு பாதிகூட ஏறாமல் நடுங்கிக் கீழே வந்தது.

அண்ணியின் முகம் மலர்ந்துவிட்டது.

"அப்ப பட்டை நல்லாத்தான் கீதா மேடம்? நான் தச்சது எல்லாம் நல்லாத்தான் கீதா?" என்றாள். "அப்பாடா! நான் பயந்தே பூட்டேன் பாப்பா. எங்க வேலைய உட்டுத் தூக்கிடுவாங்களோன்னு ராத்திரி எல்லாம் தூக்கம் இல்ல."

அன்றைக்கு எல்லோருக்கும் டீயும் பஜ்ஜியும் வாங்கி வரச் சொன்னாள். மேடம் பஜ்ஜியைக் கையில் வைத்துக்கொண்டே இருந்தார், சாப்பிடவில்லை. கிளம்பும்போது என்னை மட்டும் தனியாகக் கூப்பிட்டு, "நரம்பு டாக்டர்கிட்ட காட்டுங்க. தள்ளிப் போடாதீங்க" என்றார். அவருக்கு ஏதோ தோன்றியிருக்கிறது. நான் கேட்கவில்லை.

பெரியாஸ்பத்திரிக்கு அண்ணனும் நானும் மாறி மாறிக் கூட்டிக்கொண்டு போனோம். ரத்தம் எடுத்தார்கள், ஸ்கேன் எடுத்தார்கள். தசைக்குள் ஊசி போட்டு மின்சாரம் பார்க்கிற சோதனை ஒன்று இருக்கிறது. அதைச் செய்தபோது அண்ணி என் கையை இடது கையால் பற்றிக்கொண்டு, "நம்ம பட்டை எவ்ளோ மேல், இவங்க குத்திக்கினே கீறாங்க" என்றாள். ஊசியை வைத்திருந்த டாக்டர் சிரித்துவிட்டார். கடைசியில் பெரிய டாக்டர் அண்ணனையும் என்னையும் உள்ளே உட்காரவைத்துச் சொன்னார். மூளையிலிருந்து தசைக்குப் போகிற நரம்புகள் ஒவ்வொன்றாகச் சாகின்றன. கையில் தொடங்கியிருக்கிறது. மற்றக் கைக்கும் காலுக்கும் வரும். பேச்சுக்கும் விழுங்குவதற்கும் வரும். கடைசியில் மூச்சுக்கு வரும். வேகத்தைக் கொஞ்சம் குறைக்க மாத்திரை இருக்கிறது, நிறுத்த மருந்து இல்லை.

"ஆப்ரேசன் இன்னா ஆவும் சார்?" என்று கேட்டான் அண்ணன்.

"இதுக்கு ஆபரேஷன் கிடையாதுப்பா."

"இல்ல சார், எம்மாம் செலவானாலும்…"

"கிடையாதுப்பா."

வெளியே பெஞ்சில் அண்ணி உட்கார்ந்திருந்தாள். எங்கள் முகத்தைப் பார்த்ததும் எழுந்து, "சரி வாங்க, பசிக்குது" என்றாள். ஓட்டலில் மூன்று பேரும் இட்லி சாப்பிட்டோம். டாக்டர் என்ன சொன்னார் என்று அவள் கேட்கவே இல்லை. ஒரு வாரம் கழித்து, மாவு ஆட்டிக்கொண்டிருந்த என்னிடம் வந்து நின்று, "எல்லாம் சொல்லு பாப்பா. உங்கண்ணன் சொல்ல மாட்டான். நீ சொல்லு" என்றாள். சொன்னேன். கிரைண்டர் ஓடிக்கொண்டே இருந்தது. அவள் அதை நிறுத்தப் போனாள். வலது கை விரலால் சுவிட்சை அழுத்த முடியவில்லை. இடது கையால் அணைத்துவிட்டு, "மாவு புளிச்சிடப் போவுது, வழிச்சி வை" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்ப் படுத்துக்கொண்டாள்.

தைக்க முடிகிற வரைக்கும் வேலைக்கு வந்தாள். பிறகு அடுக்கி வைக்க வந்தாள். பிறகு கால் தடுமாற ஆரம்பித்ததும் பஸ் ஏற முடியாமல் நின்றுவிட்டாள். அந்தச் சமயத்தில்தான் மேடம் வீட்டுக்கு வந்தார். இந்த நோய் வந்தவர்களுக்கு எந்தத் தசை எவ்வளவு குறைகிறது என்று வீட்டிலேயே பார்க்க ஒரு பட்டை செய்யலாம், அதற்கு அண்ணி தினமும் மாட்டிக்கொண்டால் உதவியாக இருக்கும் என்று தயங்கித் தயங்கிச் சொன்னார்.

அண்ணன் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தான். "இன்னா மேடம், ஒரு மன்சி சாவுறத அளந்து பாக்கணுமா உங்களுக்கு?"

"நீ சும்மா குந்துய்யா" என்றாள் அண்ணி. அதற்குள் அவள் பேச்சு குழற ஆரம்பித்திருந்தது. "போட்டுக்கிறேன் மேடம். ஆனா அந்தக் கோட்ட எனக்குக் காட்டக் கூடாது. இதுங்களுக்கும் காட்டக் கூடாது."

ஒப்புக்கொண்டோம். தினமும் காலையில் நான்தான் மாட்டிவிடுவேன், இரண்டு கையிலும் இரண்டு காலிலும். அவள் கண்ணை மூடிக்கொண்டு முறுக்குவாள். பட்டையோடு இணைத்திருந்த சின்ன டப்பா தானாகவே கோட்டை மேடத்துக்கு அனுப்பிவிடும். எனக்குக் கோடு தேவைப்படவில்லை. பட்டையை மாட்டும்போதே தெரிந்தது. வாரத்துக்கு வாரம் துணியைச் சுருக்கி ஊக்கு குத்த வேண்டியிருந்தது. வலது முழங்கைக்குக் கீழே சதை இருந்த இடத்தில் எலும்புக்கு நடுவே பள்ளம் விழுந்திருந்தது. தோலுக்கு அடியில் ஏதோ ஓடுவது போலத் துடித்துக்கொண்டே இருக்கும். அண்ணன் அந்த நேரத்தில் வீட்டில் இருக்க மாட்டான். ஷிஃப்ட் இல்லாவிட்டாலும் வண்டியை எடுத்துக்கொண்டு எங்காவது போய்விடுவான்.

ஒரு நாள் முறுக்கச் சொன்னபோது அவள் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள்.

"போதும் பாப்பா. கயட்டு."

அதன் பிறகு மாட்டவில்லை. மேடமும் கேட்கவில்லை.

பேச்சு முழுக்கப் போன பிறகுதான் கஷ்டம். ஈ உட்கார்ந்தாலும் அவளால் ஓட்ட முடியாது, கூப்பிடவும் முடியாது. நாங்கள் அடுத்த அறையில் இருந்தால் அவளுக்கு என்ன வேண்டும் என்று தெரியாது. மேடத்திடம் சொல்லி அழுதேன். அடுத்த வாரம் அவர் விரல் அகலத்தில் ஒரு சின்னப் பட்டையோடு வந்தார். அவரே உட்கார்ந்து தைத்தது. தையல் கோணல்மாணலாக இருந்தது. புருவத்துக்கு மேலே ஒட்டிக்கொண்டு புருவத்தைத் தூக்கினால் நூல் இழுபட்டுச் சமையலறையில் மணி அடிக்கும். அண்ணியின் உடம்பில் கண்ணும் புருவமும்தான் அப்போது அவள் சொன்னதைக் கேட்டன.

முதல் தடவை அடித்தபோது அண்ணன் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். எச்சில் கையோடு ஓடினான். "இன்னாம்மே? தண்ணியா? ஃபேனா? திருப்பிப் படுக்கணுமா?" எல்லாவற்றுக்கும் அவள் கண்ணாலேயே இல்லை என்றாள். அவன் விழித்துக்கொண்டு நின்றான். அவள் கண் சிரித்தது. சும்மா கூப்பிட்டிருக்கிறாள்.

அதிலிருந்து அந்த மணி ஓயாமல் அடித்தது. பாதி நேரம் வேலை எதுவும் இருக்காது. அண்ணன் போய்ப் பக்கத்தில் உட்கார வேண்டும், அவ்வளவுதான். "பேஜார் பண்றாம்மா உங்கண்ணி" என்று என்னிடம் சொல்லிக்கொண்டே ஓடுவான். அவன் லீவு போட்டுவிட்டு வீட்டிலேயே இருந்தான். நகம் வெட்டிவிடுவான், தலை வாரிப் பின்னிவிடுவான். பின்னல் கோணையாக வரும். அவளுக்குக் கண்ணாடி காட்டுவான். மணி அடிக்கும். அவிழ்த்து மறுபடி பின்னுவான்.

பிறகு மணி குறைந்தது. புருவம் தூக்குவது தெரியும், நூல் இழுபடுகிற அளவுக்கு இருக்காது. மேடம் வந்து கொஞ்சம் அசைந்தாலே அடிக்கும்படி மாற்றிக் கொடுத்தார். அதுவும் சில வாரம்தான். அதற்குப் பிறகு அண்ணன் அவள் கட்டிலை விட்டு நகரவில்லை. மணியை நம்பாமல் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அவள் போனது ஒரு காலை நேரம். வாசலில் காய்கறி வண்டிக்காரர் கூவிக்கொண்டு போனார். நான் தக்காளி வாங்கிக்கொண்டு உள்ளே வந்தபோது, அண்ணன் அவள் நெற்றியில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். "தூங்குறா, சத்தம் போடாத" என்றான். நான் பக்கத்தில் போய்ப் பார்த்தேன். அவன் சொன்னது சரியில்லை என்று அவனுக்கும் தெரிந்திருந்தது.

காரியமெல்லாம் முடிந்து உறவுக்காரர்கள் போன பிறகும் அந்தப் பட்டை கட்டில் கம்பியில் தொங்கிக்கொண்டிருந்தது. கொஞ்சம் அசைந்தாலே அடிக்கும்படி மாற்றியிருந்தோம் அல்லவா, ஃபேன் காற்றில் ஆடினால் சமையலறையில் மணி அடிக்கும். அண்ணன் எந்த வேலையில் இருந்தாலும் எழுந்து அந்த அறை வாசல் வரைக்கும் போய் நிற்பான். பிறகு திரும்பி வந்து உட்காருவான். ஒரு நாள் நான் மணியின் பிளக்கைப் பிடுங்கப் போனேன்.

"கை வெக்காத" என்றான்.

நான் விட்டுவிட்டேன். அவன் வேலைக்குத் திரும்பப் போனான். சாப்பிட்டான், தூங்கினான், யாராவது கேட்டால் பதில் சொன்னான். எரித்துவிட்டு வந்த நாளில்கூட அவன் அழவில்லை. பக்கத்து வீட்டுக்காரர்கள் அதைப் பற்றிப் பேசிக்கொண்டார்கள்.

சில மாதம் கழித்து மேடம் என்னிடம் கேட்டார். சென்னீர்குப்பத்தில் ஒருவருக்கு அதே நோய், பேச்சு போய்விட்டது, மனைவி மட்டும்தான் பார்த்துக்கொள்கிறார், மணி உடனே வேண்டும், புதிது செய்ய நாளாகும். "உங்க அண்ணன்கிட்ட கேக்க எனக்குத் தைரியம் இல்ல. நீங்களும் முடியலைன்னா கேக்காதீங்க."

சாப்பாடு போடும்போது சொன்னேன். அண்ணன் சாப்பிட்டு முடித்தான். கை கழுவினான். அந்த அறைக்குப் போய்ப் பட்டையைக் கம்பியிலிருந்து எடுத்தான், வயரைச் சுருட்டினான், டப்பாவையும் மணியையும் துண்டால் துடைத்தான். அண்ணியின் பழைய ஜாக்கெட் துணி ஒன்றில் எல்லாவற்றையும் சுற்றினான்.

"நானும் வர்ட்டா?" என்று கேட்டேன்.

"தேவல. எப்டி ஒட்டணும்னு எனக்குத்தான் தெரியும்."

வண்டியை எடுத்துக்கொண்டு போனான். சாயங்காலம் விளக்கு வைக்கிற நேரத்தில் திரும்பி வந்தான். செருப்பைக்கூடக் கழற்றாமல் சமையலறை வாசலில் தரையில் உட்கார்ந்துவிட்டான். தண்ணீர் கொடுத்தேன். வாங்கிப் பக்கத்தில் வைத்தான்.

"நல்லாக் கீறாரா அவரு?"

"கீறாரு. ஒட்டி உட்டேன். தூக்கு நைனா, புருவத்தத் தூக்குன்னு சொன்னேன். தூக்குனாரு. கணீர்னு அடிச்சுது." அவன் குரல் உடைந்தது. "அந்தம்மா உள்ள துணி தொவச்சிக்கினு இருந்துச்சு. சோப்புக் கையோட ஓடியாந்துச்சு பாப்பா. இன்னாங்க, இன்னாங்கன்னு…"

சுவரில் தலையை வைத்துக்கொண்டு அழ ஆரம்பித்தான். தெருவுக்கே கேட்டிருக்கும். நான் அடுப்பை அணைத்துவிட்டு அவன் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன்.